பழைய பாம் ஹேண்ட்ஹெல்டுக்கு யுஎஸ்பி டிரைவர் ஏற மாட்டேங்குதா? ஒவ்வொரு தொல்லையா பாப்போம்

அலமாரியில பழைய பாம் (Palm கம்பெனியோட கையடக்க கம்ப்யூட்டர்) ஒண்ணு கெடக்கு, ஆன் பண்ணுனா ஆனும் ஆகுது, உள்ள போன் நம்பரு, மெமோ, டேட் புக்குன்னு என்னென்னமோ இருக்கு, ஆனா இப்ப உள்ள லேப்டாப்ல சொருகுனா ஒண்ணுமே நடக்க மாட்டேங்குன்னு நிக்கவங்களுக்காகத்தான் இத எழுதுதேன். நம்ம திருநெல்வேலி பக்கம் துபாய், சவுதி போய்ட்டு வந்தவங்க கையில, முன்னால மெடிக்கல் ரெப்பா சுத்துனவங்க வீட்ல, ரிட்டயர்டு ஆன காலேஜ் வாத்தியாருங்ககிட்ட இந்த மிசினு இன்னும் இருக்கு. தூக்கிப் போட மனசு வராது, உள்ள இருக்கத எடுக்கவும் வழி தெரியாது.

நான் பெரும்பாலும் டங்ஸ்டன் இ-ங்கிற பாம் மாடல வச்சே சொல்லுதேன், 2003ல வந்தது, 32 எம்பி மெமரி, பாம் ஓஎஸ் 5, அடியில மினி யுஎஸ்பி, மேல எஸ்டி கார்டு ஸ்லாட்டு. ஸைர் 31, எம்500, டிஎக்ஸ் வச்சிருக்கவங்களுக்கும் முக்காவாசி பொருந்தும், மாறுற எடத்துல சொல்லிருதேன்.

டிரைவர தொடுறதுக்கு முன்னால ஒண்ணு

பாளையங்கோட்டையில ஒரு பாட்டனி சார், முண்டந்துறை, மாஞ்சோலை, சேர்வலாறுன்னு பல வருசம் காட்டுக்குள்ள நடந்து பாத்த செடிங்க பேரு, எந்த எடம், எந்த மாசம் பூத்துச்சுங்கிறது எல்லாத்தையும் டங்ஸ்டன் இ-ல மெமோ மெமோவா போட்டு வச்சிருந்தாக. என்னய கூப்பிட்டு டிரைவர் (கம்ப்யூட்டரு பாம அடையாளம் கண்டு பேசுறதுக்கான சின்ன ப்ரோகிராம்) போட்டுத் தாங்கன்னாக. நான் மொதல்ல கேட்டது டிரைவர பத்தியே இல்ல.

"சார், இத கடைசியா எப்ப சார்ஜ் போட்டிய?"

"சார்ஜ்தான தம்பி ஏறிக்கிட்டு இருக்கு, நேத்துலருந்து கம்ப்யூட்டர்ல சொருகித்தான் வச்சிருக்கேன்."

அங்கதான் ஆபத்தே. டங்ஸ்டன் இ-ல யுஎஸ்பி வழியா சார்ஜ் ஏறாது. சார்ஜுக்குன்னு பக்கத்துல தனி ஓட்டை இருக்கு, தனி அடாப்டர் வேணும். ஸைர் 31-ம் அப்படித்தான். இந்த மாடல்ல எல்லாம் நீங்க டைப் பண்ணுன டேட்டா ரேம்ல இருக்கு, பேட்டரி சுத்தமா செத்துட்டா டேட்டாவும் சேந்து போயிரும். பிறகு டிரைவர் ஏறி என்ன, ஏறாம என்ன? டங்ஸ்டன் இ2, டி5, டிஎக்ஸ் வச்சிருக்கவங்க கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம், அதுல ஃபிளாஷ் மெமரி, பேட்டரி எறங்குனாலும் டேட்டா நிக்கும். எம்100, எம்105-ல ட்ரிபிள் ஏ பேட்டரி, புதுசு வாங்கி வச்சுக்கிட்டு, பழசக் கழத்துன கையோட மாத்திருங்க, கழத்தி மேசையில வச்சுட்டு டீ குடிக்கப் போயிராதிங்க.

அதனால மொத வேலை ஒரிஜினல் அடாப்டர தேடி எடுத்து முழுசா சார்ஜ் போடுறது. அடாப்டர் இல்லன்னா மிசினு பின்னால எழுதியிருக்க வோல்ட்டேஜ பாத்து அதே அளவு, அதே பின்னு உள்ளது வாங்கணும், கைக்கு கெடச்சதச் சொருகக் கூடாது. பின் மூடி உப்பிக்கிட்டு வந்திருந்தா பேட்டரி வீங்கிருக்குன்னு அர்த்தம், நம்மூரு வெயில்ல பீரோ மேல கெடந்ததுக்கு அது நடக்கத்தான் செய்யும், அப்ப சார்ஜ் போடவே போடாதிங்க, தெரிஞ்ச ஆளுகிட்ட குடுங்க.

இன்னொன்னு, இத கெஞ்சிக் கேக்கேன்: ஹார்ட் ரீசெட் பண்ணாதிங்க. பவர் பட்டன அமுக்கிக்கிட்டு பின்னாடி ஓட்டையில குத்துறது ஹார்ட் ரீசெட், அது எல்லாத்தையும் அழிச்சுரும். டிரைவர் பிரச்சனை எப்பவுமே முக்காவாசி கம்ப்யூட்டர் பக்கம்தான், அதுக்கு பாமத் தண்டிச்சு பிரயோசனம் இல்ல. சும்மா ஓட்டையில மட்டும் ஜெம் கிளிப்பால லேசா குத்துறது சாஃப்ட் ரீசெட், அதுல டேட்டா போகாது.

ஆன் பண்ணுனதும் "திரையில புள்ளிய தொடு, நாட்ட தேர்ந்தெடு"ன்னு புதுசு மாதிரி கேக்குதா? அப்ப உள்ள இருந்தது ஏற்கனவே போயிருக்கும். ஆனா உடனே கைய விட்டுராதிங்க, முன்னால இத சிங்க் பண்ணுன, அதாவது பாம்ல உள்ளத ஏத்தி வச்ச பழைய டெஸ்க்டாப்பு பரண்ல இருக்கான்னு பாருங்க. அதுல சி டிரைவ்ல ப்ரோகிராம் ஃபைல்ஸ்குள்ள பாம் (Palm) அல்லது பாம்ஒன் (palmOne)னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள உங்க பேர்ல ஒண்ணு, அதுக்குள்ள பேக்கப்னு ஒண்ணு இருக்கும். அந்த பாம் ஃபோல்டர அப்படியே முழுசா ஒரு பென்டிரைவ்ல எடுத்து வச்சுட்டு பிறகு மத்தத யோசிங்க.

சொருகுறேன், சத்தமும் இல்ல, டிவைஸ் மேனேஜர்லயும் (விண்டோஸ்ல சொருகுன சாமான் லிஸ்டு) ஒண்ணும் வரல

அதிகமா கேக்குறது இதுதான், பதில் ரொம்ப சின்னது. பாம் மிசின கேபிள்ல சொருகுனா மட்டும் கம்ப்யூட்டருக்கு தெரியாது. ஹாட்சிங்க் (பாமும் கம்ப்யூட்டரும் டேட்டா மாத்திக்கிறதுக்கான பட்டன்) அமுக்குனாதான் அது யுஎஸ்பில "நான் வந்துருக்கேன்"னு சொல்லும். பென்டிரைவ், போனு எல்லாம் சொருகுன உடனே வந்துரும், இது அப்படி கெடையாது. கேபிள்ல அல்லது கிரேடில்ல (பாம நிறுத்தி வைக்கிற ஸ்டாண்டு) ரெண்டு அம்புக்குறி போட்ட பட்டன் இருந்தா அத அமுக்குங்க, சும்மா மினி யுஎஸ்பி கேபிள்னா பாம்ல ஹாட்சிங்க் ஆப்ப தொறந்து நடுவுல உள்ள ஐகான தொடுங்க. அப்பதான் விண்டோஸ்ல டிங்குன்னு சத்தம் வரும், டிவைஸ் மேனேஜர்ல ஒரு வரி மொளைக்கும். பதில் கெடைக்கலன்னா பாமு கொஞ்ச நேரத்துல சலிச்சுப் போய் விட்டுரும், அந்த வரியும் காணாமப் போயிரும். இத மனசுல வச்சுக்காங்க, கீழ வர்ற எல்லாத்துலயும் இந்த குணம்தான் கால வாரும்.

ஹாட்சிங்க் ஆப்புல மேல லோக்கல், மோடம்னு ரெண்டு இருக்கும், லோக்கல் செலக்ட் ஆயிருக்கணும், அதுக்கு கீழ உள்ள பெட்டியில கிரேடில்/கேபிள்னு இருக்கணும். ஐஆர்னு இருந்தா அது இன்ஃப்ராரெட்ல தேடிக்கிட்டு நிக்கும், நீங்க கேபிள மாத்தி மாத்தி சொருகிக்கிட்டு இருப்பிய.

அதுக்கும் அசையலன்னா கேபிள். மினி யுஎஸ்பி கேபிள்ல சார்ஜுக்கு மட்டும் வயரு போட்டு, டேட்டா வயரு ரெண்டையும் போடாம விட்ட கேபிள் நெறைய இருக்கு, பாக்க ஒண்ணு போலவே இருக்கும். சந்தேகம்னா அதே கேபிள்ல பழைய டிஜிட்டல் கேமராவோ எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கோ சொருகி பாருங்க, ஃபைல் தெரிஞ்சா கேபிள் நல்ல கேபிள். வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் மொபைல் கடைல போய் யுஎஸ்பி கேபிள்னு கேட்டா டைப் சி எடுத்துப் போடுவாங்க, பழைய கேமரா கேபிள், மினி பின்னு, டேட்டா கேபிள்னு தெளிவா கேளுங்க. மைக்ரோ வேற, மினி வேற. மினி கொஞ்சம் தடியா, ரெண்டு பக்கமும் இடுப்பு ஒடுங்குன மாதிரி இருக்கும்.

சத்தம் வருது, ஆனா அன்நோன் டிவைஸ், எரர் கோடு 43

கம்ப்யூட்டர் "நீ யாரு"ன்னு கேக்குது, பாம்லருந்து வர்ற பதில் ஒழுங்கா போய்ச் சேரல. இதுல டிரைவர் ஒரு பொருட்டே இல்ல, டிரைவர் தேடுற கட்டத்துக்கே இன்னும் வரல, அதனால நெட்ல டிரைவர் டிரைவரா எறக்கி ஏத்துறத நிறுத்துங்க. பாம் போர்ட்டுல பச்சை புடிச்சிருக்கான்னு பாருங்க, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால பைய தேச்சு, நல்லா காயவிட்டு சொருகுங்க. நீல கலரு யுஎஸ்பி 3 போர்ட்ல இருந்தா கறுப்பு கலரு யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாத்துங்க. லேப்டாப்ல எல்லாமே 3-ஆ இருக்கா, நடுவுல ஒரு சாதாரண யுஎஸ்பி 2 ஹப்ப போடுங்க, இந்தக் காலத்து போர்ட்டு கூட ஒத்துப்போகாத பாமு ஹப்பு வழியா வந்துருது, நான் பாத்த கேசுல பல இது ஒண்ணுலயே சரியாச்சு. டெஸ்க்டாப்னா முன் பக்க போர்ட்ல சொருகாதிங்க, பின்னாடி மதர்போர்டுல நேரா சொருகுங்க.

பாம் ஹேண்ட்ஹெல்டுன்னு பேரு வருது, மஞ்சள் ஆச்சரியக்குறி, கோடு 28

இது நல்ல சேதிதான். கேபிள், போர்ட்டு, பாமு எல்லாம் சரி, டிரைவர் மட்டும்தான் இல்ல. இங்கதான் 32 பிட், 64 பிட் விசயம் வருது. செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபவுட்னு போனா உங்க விண்டோஸ் எதுன்னு போட்டுருக்கும்.

எக்ஸ்பி அல்லது 32 பிட் விஸ்டா, 7 வச்சிருந்தீங்கன்னா வேலை சுளுவு. பாம் டெஸ்க்டாப்ங்கிறது கம்ப்யூட்டர்ல போடுற பாம் கம்பெனி சாஃப்ட்வேர், எக்ஸ்பிக்கு பாம் டெஸ்க்டாப் 4.1.4, விஸ்டாவுக்கும் 7-க்கும் 6.2. வரிசை முக்கியம்: மொதல்ல கேபிள கழத்திருங்க, பாம் டெஸ்க்டாப்ப இன்ஸ்டால் பண்ணுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க, பிறகு கேபிள சொருகி ஹாட்சிங்க் அமுக்குங்க. மொதல்லயே சொருகி விண்டோஸ் அதுவா ஏதோ ஒண்ண தப்பா புடிச்சு வச்சிருந்தா, டிவைஸ் மேனேஜர்ல வியூவுக்குள்ள ஷோ ஹிடன் டிவைசஸ்ஸ டிக் பண்ணி, அந்த பழைய வரிய ரைட் கிளிக் பண்ணி அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி ஆரம்பிங்க.

64 பிட்னா, பாம் கம்பெனி அதுக்கு யுஎஸ்பி டிரைவர் போடவே இல்ல. 2010ல ஹெச்பி அந்த கம்பெனிய வாங்கின பிறகும் போடல. அதனால "அஃபிசியல் 64 பிட் பாம் டிரைவர்"னு சொல்லி எவனாவது ஒரு செட்டப் ஃபைல நீட்டுனா அத தொடாதிங்க, அதுல டிரைவர் இருக்காது, வேற என்னமோதான் இருக்கும். உண்மையா வேலை செய்யுற ஒண்ணு உண்டு. நியூசிலாந்துல அசீக்கா (Aceeca)ன்னு ஒரு கம்பெனி, பாம் ஓஎஸ்ல ஓடுற சொந்த ஹேண்ட்ஹெல்டு போட்டாங்க, அதுக்கு 64 பிட் டிரைவரும் போட்டாங்க, அந்த டிரைவர் பாம் மிசினுக்கும் ஒத்துப்போகுது. பாம்டிபி (PalmDB), இன்டர்நெட் ஆர்கைவ் மாதிரி வெப்சைட்டுல தேடுங்க, எறக்குனதும் ஆன்டிவைரஸ்ல ஒரு தடவ ஓட்டிருங்க.

ஏத்துற விதம் இப்படி. பாம் டெஸ்க்டாப் ஏற்கனவே ஏறியிருக்கணும். டிரைவர் ஜிப்ப விரிச்சு, சி டிரைவ்ல பாம்டிரைவர்னு சின்ன பேருல ஒரு ஃபோல்டர்ல போடுங்க. டிவைஸ் மேனேஜர தொறந்து வச்சுக்காங்க. இப்ப ஹாட்சிங்க் அமுக்குங்க, மஞ்சள் வரி வந்த உடனே ரைட் கிளிக், அப்டேட் டிரைவர், ப்ரௌஸ் மை கம்ப்யூட்டர், அந்த ஃபோல்டர காட்டு, நெக்ஸ்ட். இதுல சுணங்குனா பாமு டைம் அவுட் ஆகி வரி மறைஞ்சுரும், விண்டோஸும் டிவைஸ காணலன்னு சொல்லும், பதறாதிங்க, எந்த ஃபோல்டர்னு விண்டோஸ் ஞாபகம் வச்சிருக்கும், மறுபடி ஹாட்சிங்க் அமுக்கிட்டு சட்டுன்னு முடிச்சுருங்க. வீட்ல ரெண்டாவது ஆளு இருந்தா பாம அவங்க கையில குடுத்து "இப்ப அமுக்கு"ன்னு சொல்லுங்க, பாட்டனி சார் வீட்ல அவுகதான் பாம் புடிச்சாக, நான் மவுஸ் புடிச்சேன், சுத்தமா ஏறிட்டு.

கோடு 52 வந்தா

டிரைவர்ல உள்ள டிஜிட்டல் கையெழுத்த விண்டோஸ் ஏத்துக்கலன்னு அர்த்தம். ஷிஃப்ட அமுக்கிக்கிட்டே ரீஸ்டார்ட் குடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்னு போய், அங்க 7-ம் நம்பர அமுக்குனா அந்த ஒரு தடவைக்கு மட்டும் கையெழுத்து பாக்காம விடும். விண்டோஸ் 11-ல கோர் ஐசொலேஷன்குள்ள மெமரி இன்டெக்ரிட்டின்னு ஒண்ணு, அதுவும் பழைய டிரைவர தடுக்கலாம், தற்காலிகமா ஆஃப் பண்ணி, டேட்டாவ எடுத்த பிறகு மறக்காம ஆன் பண்ணிருங்க. பேங்க் வேலை பாக்குற லேப்டாப்ல இதெல்லாம் செய்ய எனக்கு இஷ்டம் இல்ல, அப்படி உள்ளவங்க கீழ சொல்லுற வேற வழிக்கு போங்க.

டிரைவர் ஏறிட்டு, ஹாட்சிங்க் மட்டும் நடக்கல

டாஸ்க்பார் ஓரத்துல நீலமும் சிவப்புமா ரெண்டு அம்பு ஐகான் இருக்கா? இல்லன்னா ஹாட்சிங்க் மேனேஜர் ஓடல, ஸ்டார்ட் மெனுல போய் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டரா தொறங்க. இருந்தா அத ரைட் கிளிக் பண்ணி லோக்கல் யுஎஸ்பிக்கு டிக் இருக்கான்னு பாருங்க. லோக்கல் சீரியல்ல டிக் இருந்தா எடுத்துருங்க.

இப்ப ரொம்ப முக்கியமானது. புது கம்ப்யூட்டர்ல மொத சிங்க்குக்கு முன்னால அதே மெனுல கஸ்டம்ல போய் காண்டாக்ட், மெமோ, டேட் புக், டூ டூ ஒவ்வொண்ணையும் "ஹேண்ட்ஹெல்ட் ஓவர்ரைட்ஸ் டெஸ்க்டாப்"னு மாத்துங்க. அதாவது பாம்ல உள்ளதுதான் ராசா, கம்ப்யூட்டர் அத வாங்கி வச்சுக்கணும். தவறி இத தலைகீழா வச்சுட்டா காலியா கெடக்கிற கம்ப்யூட்டரு உங்க பாம காலி பண்ணிரும். யூசர் பேரு கேட்டா பாம்ல ஹாட்சிங்க் திரை மேல் மூலையில என்ன பேரு இருக்கோ அதே பேர, எழுத்து மாறாம குடுங்க.

சிங்க் ஆரம்பிச்சு பாதில நிக்கி

கஸ்டம்ல எல்லாத்தையும் டூ நத்திங்னு வச்சுட்டு ஒவ்வொண்ணா தொறந்து விடுங்க, மொதல்ல மெமோ மட்டும், பிறகு காண்டாக்ட் மட்டும், இப்படி போனா எது மாட்டுதோ அது தெரிஞ்சுரும், மத்ததாவது பத்திரமா வந்துரும். டிவைஸ் மேனேஜர்ல யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொண்ணோட பவர் மேனேஜ்மென்ட்லயும் "பவர மிச்சம் பண்ண இத ஆஃப் பண்ணலாம்"ங்கிற டிக்க எடுத்துருங்க. பாம் பேட்டரி குறைவா இருந்தாலும் நிக்கும். கரண்டு போகாம இருக்கிற நேரம் பாத்து வேலைய வைங்க, டெஸ்க்டாப்ல யுபிஎஸ் இல்லாம இத ஆரம்பிக்க வேண்டாம்.

எதுக்கும் மசியலயா

அப்ப டிரைவர விட்டுட்டு சுத்தி போவோம். எஸ்டி ஸ்லாட்டு உள்ள பாம்னா இதுதான் எனக்குப் புடிச்ச வழி, கேபிளும் வேணாம் டிரைவரும் வேணாம். பழைய எஸ்டி கார்டு, 1 ஜிபி அல்லது அதுக்கும் கீழ, எஸ்டிஹெச்சின்னு போட்டுருந்தா டங்ஸ்டன் இ படிக்காது. கார்டு ரீடர்ல போட்டு ஃபேட் 16-ல ஃபார்மட் பண்ணி, பாம்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள லாஞ்சர்னு ஒரு ஃபோல்டர் இங்கிலீஷ்ல போட்டு, என்விபேக்கப் (NVBackup) மாதிரி ஒரு ஓசி பேக்கப் ஆப்போட பிஆர்சி ஃபைல (பாம் ஆப்பு ஃபைலு) அதுக்குள்ள வைங்க. கார்ட பாம்ல சொருகுனா அந்த ஆப்பு மெனுல தானா வந்து நிக்கும், தொறந்து முழு பேக்கப் குடுத்தா எல்லாம் கார்டுக்கு போயிரும். கார்ட கழத்தி லேப்டாப்ல போட்டா பிடிபி ஃபைலா (பாம் டேட்டா ஃபைலு) வரிசையா கெடக்கும்.

எஸ்டி ஸ்லாட்டு இல்லாத மாடல்னா விர்ச்சுவல் பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டுற ப்ரோகிராம்) 32 பிட் எக்ஸ்பி போட்டு அதுக்குள்ள பாம் டெஸ்க்டாப் 4.1.4 ஏத்துங்க. இதுல எல்லாரும் மாட்டிக்கிற ஒரு எடம் உண்டு. சொருகிட்டு டிவைசஸ் மெனுல போய் பாம தேடுவாங்க, அது அங்க இருக்காது, ஏன்னா ஹாட்சிங்க் அமுக்குனாதான வரும், வந்து நீங்க மெனுக்கு போறதுக்குள்ள போயிரும். அதனால செட்டிங்ஸ்ல யுஎஸ்பிக்குள்ள முன்கூட்டியே ஒரு ஃபில்டர் போட்டு வைங்க, வெண்டர் ஐடி 0830, மத்த கட்டம் எல்லாம் காலி. 0830ங்கிறது பாம் கம்பெனியோட நம்பர். இனி அமுக்குன உடனே விர்ச்சுவல் எக்ஸ்பி அத கப்புன்னு புடிச்சுக்கும். பாமு யுஎஸ்பி 1.1 வேகத்துலதான் பேசும், அதனால விர்ச்சுவல் பாக்ஸ்ல உள்ள சாதாரண யுஎஸ்பி 1.1 கன்ட்ரோலரே போதும்.

லினக்ஸ் பழக்கம் உள்ளவங்களுக்கு இன்னும் சுளுவு. கெர்னல்லயே விசர்னு ஒரு டிரைவர் இருக்கு, பழைய உபுண்டு 14.04 அல்லது 16.04 லைவ் பென்டிரைவ்ல பூட் பண்ணி, பாம் கூட பேசுற பைலட்-லிங்க் ப்ரோகிராம போட்டு, மொதல்ல அங்க பேக்கப் கமாண்ட ஓட விட்டு அது காத்துக்கிட்டு நிக்கும்போது இங்க ஹாட்சிங்க் அமுக்கணும்.

ஹாட்சிங்க் வழியா டேட்டா பாம் டெஸ்க்டாப்புக்கு வந்த பிறகு அதுல மெமோவ செலக்ட் பண்ணி ஃபைல் மெனுல எக்ஸ்போர்ட் குடுத்து சும்மா டெக்ஸ்ட் ஃபைலா எடுங்க, காண்டாக்ட சிஎஸ்வியா எடுங்க, நாளைக்கு எந்த மிசின்லயும் தொறக்கும். பாம் ஓஎஸ்ல யூனிகோடு (தமிழ் மாதிரி எல்லா மொழி எழுத்துக்கும் உள்ள பொது முறை) கெடையாது, அதனால நம்மாளுக தமிழ இங்கிலீஷ் எழுத்துலதான் அடிச்சு வச்சிருப்பாங்க. பாட்டனி சாரும் ஆவாரை, நெல்லி எல்லாத்தையும் அப்படித்தான் போட்டுருந்தாக. அத தானா தமிழுக்கு மாத்துற டூல்ல விட்டு ஊர்ப்பேரையும் செடிப்பேரையும் கெடுத்துராதிங்க, ஒரிஜினல அப்படியே ரெண்டு எடத்துல வச்சுட்டு, எழுதுனவங்கள பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொரு பேரா கேட்டு கையால மாத்துங்க.